வாசலில் வரிசையாய்ப் போட்ட நாற்காலிகள்

மகனே,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. அன்றைக்கு நான் உன் நாற்காலிகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நீ அப்படி நினைத்துக்கொண்டுதான் வண்டியைத் திருப்பினாய். உன் அம்மாவும் அப்படியேதான் நினைக்கிறாள். இதைத் தபாலில் போட்டால் பிரிக்காமல் எங்காவது செருகிவைப்பாய். உன் வீம்பு எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து போனதுதானே. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். நம் வியாபாரிகள் நடத்துகிற மாத இதழில், ‘வெளியில் போடும் பிரம்பு நாற்காலிகளின் கதை’ என்று ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தைத்தான் இதற்குப் பிடித்துக்கொண்டேன். கதை கேட்டவர்களுக்குக் கதையும் உண்டு, ஏமாற்ற மாட்டேன். தென்காசியில் உன் கடைக்கும் அந்த இதழ் வருகிறது. வேறு எதைப் படிக்காவிட்டாலும் விலைவாசிப் பக்கத்தை நீ விடமாட்டாய். அதற்கு எதிர்ப்பக்கத்தில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன்.

உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னால் அது பொய். இரண்டு வரி எழுதுவதும் எழுந்து வாசல்வரை போய்வருவதுமாக இருக்கிறேன். டாக்டர் அசையாமல் உட்காரச் சொல்லியிருக்கிறார். நாற்காலி விற்றே காலத்தை ஓட்டியவனுக்கு உட்காரத் தெரியவில்லை என்பது ஊர் சிரிக்கிற விஷயம். கடையில் நான் உட்கார்ந்து நீ பார்த்திருக்கமாட்டாய். வந்தவரை உட்காரவைத்துவிட்டு நான் நின்றுகொண்டே பேசுவேன். நெஞ்சுக்குள் அடைப்பு இருக்கிறது, மெட்ராஸுக்குப் போய் ஆபரேஷன் பண்ணியே ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்கிறார்கள். உன் அம்மாவோ, “அவன் வராம நான் ஒங்கள எங்கயும் கூட்டிட்டுப் போவ மாட்டேன், பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து என்னிடம் பேச்சும் குறைந்துவிட்டது. சோற்றைப் போடுகிறாள், மாத்திரையை எடுத்துவைக்கிறாள், தண்ணீரை நங்கென்று வைக்கிறாள். அவ்வளவுதான். உன்னையும் கூப்பிட மாட்டேன் என்கிறாள். “சிரிச்சது நீங்க, நீங்களே கூப்புடுங்க” என்கிறாள். நியாயம்தான். எனக்குத்தான் போனை எடுத்தால் வாய் கட்டிப்போகிறது.

நமக்குள் என்ன சண்டை என்று இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. ஒன்றுமில்லை, நாற்காலிச் சண்டைதான். திருநெல்வேலி டவுணில் எனக்குப் பிரம்பு நாற்காலிக் கடை. குற்றாலத்து லாட்ஜுகளுக்கும் பாபநாசத்துப் பக்கத்து விருந்தினர் விடுதிகளுக்கும் வராந்தாவில் போட, தோட்டத்தில் போட எல்லாம் நம் கடையிலிருந்துதான் போகும். என் மகன் படித்து முடித்துக் கடைக்கு வந்தான். வந்தவன் தென்காசியில் தனியாகக் கடை பிடித்து, அச்சில் ஊற்றின பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஏஜென்சி எடுத்தான். கொஞ்ச நாளில் என் லாட்ஜுக்காரர்கள் ஒவ்வொருவராக அவனிடம் போனார்கள். அந்தச் சமயம் நம் கடை வாசலில் நான் கேட்டது, மகனே, உனக்கு ஞாபகமிருக்கும்: “ஒரே அச்சுல ஊத்துனத எந்தப் பய வேணும்னாலும் விப்பான். அதுக்கு எம் மவன் எதுக்குலே?” நீ சத்தம் போடவில்லை. பைய, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: “ஒங்க நாற்காலிய மழைக்குத் தூக்கி உள்ள வைக்க ஒரு ஆளு வேணும்ப்பா. என் நாற்காலிக்கு வேண்டாம்.” அதோடு பேச்சு நின்றது. நீ தீபாவளிக்கும் வரவில்லை, ஆனித் தேருக்கும் வரவில்லை.

சரி, கதை கேட்டவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். நீயும் கேள், நீ விற்காத சரக்கென்று தள்ளாதே. பிரம்பும் பனைச் சாதிதான். நம் பனை நிமிர்ந்து நிற்கும். இதற்கு நிற்க முதுகு கிடையாது, முள்ளால் பக்கத்து மரத்தைப் பற்றிப் பற்றிக் காட்டின் உச்சிக்கு ஏறும். பாபநாசத்துக்கு மேலே நம் மலையிலும் உண்டு. ஆனால் நமக்குக் கட்டுக்கட்டாக வந்ததெல்லாம் அஸ்ஸாமிலிருந்தும் அந்தமானிலிருந்தும், கடல் தாண்டி மலேயாப் பக்கத்திலிருந்தும்தான். மூங்கிலுக்கு உள்ளே பொந்து, பிரம்புக்கு உள்ளே கெட்டியான சோறு, தண்டின் சதை. அதனால்தான் சூடு காட்டினால் உடையாமல் வளைகிறது. வெளித்தோல் வழவழப்பானது, தண்ணீரை உருட்டிவிடும். அந்தத் தோலைச் சீவி எடுத்துத்தான் மூட்டுக்கு மூட்டு சுற்றுகிறோம், இருக்கை பின்னுகிறோம். தோல் சீவிய பின் மிச்சமிருக்கிற சோற்றுக் கம்பி இருக்கிறதே, அது தண்ணீரைக் கண்டால் குடித்துவிடும். குடித்து, ஊதி, கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். நம் ஆட்கள் வளைந்த முதுகுக்கும் கைக்கும் பின்னுவது பெரும்பாலும் அதைத்தான், மலிவு என்பதால்.

வெள்ளைக்காரன் நாட்டில் ரொம்ப காலம் இதெல்லாம் கிடையாது. அங்கே ஆற்றோரத்து வில்லோ மரத்தின் விளாரைச் சீவிக் கூடை முடைகிற மாதிரி நாற்காலி முடைந்தார்கள். எகிப்தில் அதற்கும் முந்தி நாணலை முடைந்தார்கள். பிரம்பு அங்கே போனதே ஒரு வேடிக்கை. கிழக்கே போய்த் திரும்புகிற கப்பல்களில் சரக்கு உருளாமலிருக்க இடையில் பிரம்புக் கட்டுகளைச் செருகுவார்களாம். கரைக்கு வந்ததும் வேண்டாமென்று துறைமுகத்திலேயே வீசிவிடுவார்களாம். அப்படிக் கிடந்ததைப் பார்த்து எவனோ ஒரு வியாபாரி எடுத்துப் பின்னவைத்தான். பிறகு பார், தோட்டமெல்லாம் அதுதான், கப்பல் மேல்தளமெல்லாம் அதுதான், ஆகாய விமானம் வந்த புதிதில் அதற்குள்ளும் பிரம்பு நாற்காலிதான், கனமில்லை என்பதற்காக. ஒருத்தன் காகிதத்தை முறுக்கி, உள்ளே கம்பி வைத்து, அச்சு அசலாகப் பிரம்பு மாதிரியே பின்னினான். நம் ஊரில் இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் ஒயர் பின்னுவது வந்தது. ஒயர் கூடை போட்ட கைகளெல்லாம் ஒயர் நாற்காலியும் போட்டன. எல்லாரும் ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்: வெளியே கிடக்கிற நாற்காலி, மழையில் கெடாத நாற்காலி. இதை எழுதும்போது எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். மேகம் போடுகிறது.

அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். நெஞ்சுவலி என்று சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்து, இரண்டு பேர் காலைப் பிடித்து உள்ளே கொண்டுபோனதைத் தெரு முழுக்கப் பார்த்தது. என் கண் மூடித்தான் இருந்தது. வெட்கத்தில் மூடியிருந்தேன். அந்த வாரம் பெய்த மழையில் நம் குடோன் கூரை ஒழுகி, உள்ளே இருந்த தோட்டத்து நாற்காலிகள் ஈரம் பிடித்துவிட்டன. மறுநாள் காலையில் நல்ல வெயில். உன் அம்மா அவற்றை வண்டியில் ஏற்றிவரச் சொல்லி, வாசல் வேம்பின் நிழலில், காற்றாடக் காயட்டும் என்று சுவரோரம் தெருவைப் பார்க்க வரிசையாகப் போட்டுவிட்டாள். ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். வீட்டு வாசலில் நாற்காலி வரிசையாகக் கிடந்தால் என்ன அர்த்தமென்று டவுணில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். உன் அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நாற்காலி வரிசையைப் பார்த்தால் ஊருக்கு அது துட்டி வீடு, சாவு விழுந்த வீடு. நமக்கு அது கடை. அவள் கண்ணுக்கு அது கடையாகத்தான் தெரிந்தது.

முதலில் எதிர்வரிசைக்காரர் வந்து உட்கார்ந்தார். அப்புறம் ஒருவர், அப்புறம் இன்னொருவர். நம் பக்கத்தில் துட்டி வீட்டில் யாரும் ‘வாங்க’ என்று கூப்பிட மாட்டார்கள், வருகிறவர்களும் பேசாமல் உட்கார்ந்து, போகும்போது சொல்லாமல் எழுந்து போவார்கள். உன் அம்மாவோ என் உடம்பை விசாரிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துக் காப்பி போட உள்ளே போனாள். இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து பொருமினாள். “வாராவ, ஒரு வார்த்த பேசாம உக்காருதாவ, எந்திச்சுப் போறாவ. என்ன மனுசங்களோ! உள்ள வந்து ஆளப் பாக்கணும்னு தோணலியே.” எனக்கு அப்போதே ஏதோ இடித்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், அமுக்கிப் படுக்கவைத்தாள். அந்த நேரத்தில்தான் நம் கடைக்குப் பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சியும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். ஆண்கள்தான் பேசாமல் உட்கார்வார்கள். அந்தம்மா வாசல்படியிலேயே தலையை விரித்துப் போட்டு ஓங்கி அழ ஆரம்பித்துவிட்டாள். “எங்களை விட்டுப் போயிட்டீயளே அண்ணாச்சி, எங்கன போயி ஒங்களத் தேடுவேன்!”

யார் போய்விட்டார்கள் என்று பார்க்கத்தான் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு நான் வெளியே வந்தேன். அண்ணாச்சி கையிலிருந்த ரோஜா மாலை கீழே விழுந்தது. “வே, நீரு இருக்கீரா!” என்றார். இருக்கிறேன் என்றேன். அந்தம்மா அழுகையை நிறுத்த வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே அழுதுகொண்டிருந்தாள். அப்புறம் விஷயம் விளங்கி, உன் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள், எல்லாரும் சிரிக்கவும் முடியாமல் எழவும் முடியாமல் நெளிந்தார்கள். ஒருவர் மட்டும் நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்து, “நல்லா இருக்குவே, இது விலைக்கா?” என்று கேட்டார். மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணாச்சியே வேப்பமரத்தில் மாட்டிவிட்டுப் போனார். போகும்போதுதான் திடீரென்று நின்று, “ஒம்ம மவனுக்கு தென்காசிக்குப் போனு போட்டுட்டேனேவே” என்றார். ஓடிப்போய்த் திரும்பவும் போட்டார். நீ கிளம்பிவிட்டாய் என்று கடைப் பையன் சொன்னானாம்.

அதற்குப் பிறகு நான் உள்ளே போய்ப் படுக்கவில்லை. உன் அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வாசலிலேயே ஒரு நாற்காலியில் இருந்தேன். இருந்தேன் என்றால், எழுந்தேன், தெருமுக்குவரை பார்த்தேன், திரும்ப வந்து இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரே பயம். நீ வரமாட்டாயோ என்று பயம். செத்தேன் என்று கேட்டும் வராமலிருந்துவிட்டால் பிறகு நான் எந்த முகத்தோடு பிழைத்துக் கிடப்பது? பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு வேன் முக்கில் திரும்பியது. மேலே வெள்ளையும் பழுப்புமாக நாற்காலி அடுக்கு, கயிறு போட்டுக் கட்டி, தெருவில் கட்டியிருந்த மின்சாரக் கம்பியைத் தொடுகிற உயரத்துக்கு. நீ முன்னால் இறங்கினாய். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தாய். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தாய். வேனைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அத்தனை நாளாகப் பேசாதவனிடம் ஒரு தகப்பன் என்ன கேட்க வேண்டும்? ‘வாலே, வந்துட்டியா’ என்று கேட்டிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது வியாபாரம். “எம்புட்டுலே கொண்டாந்திருக்க?” என்றேன்.

“கடையில கெடந்த அம்புட்டும்.”

“அம்புட்டு பேரு வருவாவன்னா நெனச்ச?”

“வருவாவன்னுதான் நெனச்சேன்” என்றாய்.

அப்போதுதான் சிரித்தேன். மகனே, அது எப்படிப்பட்ட சிரிப்பென்று எனக்கே இப்போதுதான் விளங்குகிறது. ‘என் அப்பாவுக்குத் துட்டி கேட்க ஊரே திரண்டு வரும், யாரும் நிற்கக் கூடாது’ என்று ஒருத்தன் தன் கடையையே காலி பண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். அந்த ஒருத்தன் என் மகன். என்னைப் பற்றி இவ்வளவு பெரிதாக நினைக்கிற ஆள் இந்த உலகத்தில் உண்டென்று அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. சந்தோஷம் தாங்காமல் வந்த சிரிப்பு அது. நெஞ்சு வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தேன். நீ பார்த்தது வேறு. பிரம்பு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, உன் பிளாஸ்டிக் அடுக்கைப் பார்த்து ஒரு கிழவன் சிரிக்கிறான். உன் முகம் சுருங்கியது. “ஏறுய்யா வண்டில” என்று டிரைவரிடம் சொன்னாய். உன் அம்மா தண்ணீர்ச் செம்போடு முக்குவரை வேனுக்குப் பின்னால் ஓடினாள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது, அதற்குமேல் உன் மேலும் வருகிறது. கொஞ்சம் நின்று ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாலென்ன?

வெளியில் போடும் நாற்காலிகளின் கதை எழுதச் சொன்னவர்களுக்கு இதையும் சொல்லியாக வேண்டும். வெளியில் போடுகிற பிரம்பு நாற்காலி என்று ஒன்று கிடையவே கிடையாது. இவ்வளவு காலம் நான் அப்படிச் சொல்லித்தான் விற்றேன். தேடிப் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. மலைமேல் தேயிலைத் தோட்டத்து பங்களாவில் துரை பிரம்பு நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்தான் என்றால், சாரல் விழுந்ததும் தூக்கி உள்ளே வைக்க அவனுக்கு ஆள் இருந்தது. கப்பலில் மேல்தளத்து நாற்காலியை அலையடிக்கும் முன் எடுத்து மடக்க ஆள் இருந்தது. குற்றாலத்து லாட்ஜில் என் நாற்காலிகள் அத்தனை சீசனும் தாங்கியதற்குக் காரணம் நான் பூசின வார்னிஷ் இல்லை, அங்கே இருந்த ரூம் பையன்கள். அவர்கள் திருப்பூருக்கும் பம்பாய்க்கும் போன பிறகு நாற்காலி சாரலில் கிடந்து கறுத்தது. அதற்குப் பிறகுதான் லாட்ஜுக்காரர்கள் உன்னிடம் வந்தார்கள். நீ யாரையும் என்னிடமிருந்து பிரித்துக்கொண்டு போகவில்லை. நம் கடை வாசலில் நீ பைய சொன்ன அந்த ஒரு வரியில் இந்த வரலாறு மொத்தமும் இருந்திருக்கிறது. எனக்குத்தான் அது திமிராகக் கேட்டது.

ஆனால் ஒன்று, உன் சரக்கையும் நான் சும்மா விடமாட்டேன். அதற்கு மழை எதிரியில்லை, வெயில்தான் எதிரி. மலிவுக்காகச் சுண்ணாம்புப் பொடியை அதிகம் கலந்து ஊற்றுகிறார்கள், அந்த நாற்காலி நம் சித்திரை வெயிலில் வெளுத்து, தடவினால் கையில் மாவாக ஒட்டும். ஒருநாள் கனமான ஆள் உட்காரும்போது பின்கால் விரிந்து படக்கென்று போகும். வாங்கும்போது கம்பெனிக்காரனிடம் வெயில் தாங்க மருந்து போட்டிருக்கிறானா என்று கேள். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுக் காலை விரித்துப் பார்த்து வாங்கு. அவர்கள் சிரித்துப் பேசினால் நீயும் சிரித்துப் பேசு, ஆனால் விரித்துப் பார்க்காமல் வாங்காதே. இன்னொன்று, கடையில் நின்றுகொண்டே இருக்காதே. மத்தியானம் கொஞ்ச நேரமாவது உட்கார். இந்த நிற்கிற வியாதி என்னோடு போகட்டும்.

தூறல் போட்டுவிட்டது. உன் அம்மா இரண்டு நாற்காலியை உள்ளே கொண்டுவந்தாள், மூன்றாவதை நான் தூக்கப் போனேன், ஒரு பார்வை பார்த்தாள், விட்டுவிட்டேன். இனி கனம் தூக்கவே கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷன் என்றால் மார்பை அறுத்துத் திறப்பார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் சொல்ல வெட்கமில்லை. துட்டி கேட்க எத்தனை பேர் வருவார்கள் என்று பார்த்தாயிற்று, அந்த ஆசையும் தீர்ந்தது. இனி வேண்டியது நீ ஒருத்தன்தான். வந்து என்னோடு பேச வேண்டுமென்றுகூட இல்லை. ரயிலில் எதிர்சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாலும் போதும்.

செத்துவிட்டேன் என்று அடுத்தவர் சொன்னதும் கடையை அப்படியே ஏற்றிக்கொண்டு ஓடிவந்தாயே, இப்போது உயிரோடு இருக்கிறேன் என்று நானே சொல்கிறேன். இதற்கும் வாலே.

அப்பா